இரத்தத்திற்கு வகை கண்ட கார்ல் லாண்ட்ஸ்டெய்னர்: நீர்வேலியில் இருந்து ஒரு நினைவுக் கட்டுரை

ஒவ்வொரு ஆண்டும் யூன் 14ஆம் திகதி உலக குருதிக் கொடையாளர் நாள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள், சனசமூக நிலையங்கள், கோவில் மண்டபங்கள் எனப் பல இடங்களிலும் இரத்ததான முகாம்கள் நடக்கும். எங்கள் நீர்வேலியிலும் வாழைத் தோட்டத்தில் இருந்து நேராக வந்த பிள்ளைகள், கையில் செம்மண் காய்ந்தபடி வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் திகதி ஏன் தெரிவு செய்யப்பட்டது என்று கேட்டால் அவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. அது கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்ற ஒஸ்ரிய வைத்தியரின் பிறந்த நாள். 2004ஆம் ஆண்டில் இருந்து உலகம் அந்த நாளைக் கொண்டாடி வருகிறது.

நான் வைத்தியர் அல்ல. முப்பது வருடங்களுக்கு மேல் வடக்கில் வெவ்வேறு இடங்களில் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வெள்ளை ஓட்டில் மூன்று துளி இரத்தம் வைத்து, ஒன்றில் நீல மருந்தும் ஒன்றில் மஞ்சள் மருந்தும் மற்றதில் நிறமற்ற மருந்தும் விட்டு, குச்சியால் கலக்கி, எந்தத் துளி திரளுகிறது என்று பார்ப்பதுதான் என் தொழிலின் பெரும்பகுதி. அந்த ஓட்டில் நான் பார்த்தது எல்லாம் லாண்ட்ஸ்டெய்னர் முதலில் பார்த்ததுதான். இவ்வளவு இரத்தம் சிந்திய மண்ணில், இவ்வளவு பேர் இன்னொருவரின் இரத்தத்தால் உயிர் தப்பிய மண்ணில், அவருடைய வாழ்க்கையை எம்மவர் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1868ஆம் ஆண்டு யூன் 14ஆம் திகதி வியன்னாவுக்கு அருகில் உள்ள பாடன் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை லியோபோல்ட் பெயர் பெற்ற பத்திரிகையாளர், பத்திரிகை நடத்தியவர். பிள்ளைக்கு ஆறு வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் ஃபனி தனி ஆளாக நின்று அந்த ஒரே பிள்ளையை வளர்த்தார். தாய்க்கும் மகனுக்கும் இடையில் இருந்த பிணைப்பு மிக ஆழமானது. 1908இல் தாய் இறந்தபோது அவருடைய முகத்தின் வார்ப்பு ஒன்றை எடுத்து, தன் சாவு வரைக்கும் அதை அறைச் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார். தகப்பன் இல்லாத வீடுகளில் தாய் என்றால் என்ன என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

குடும்பம் யூதக் குடும்பம். 1890இல் அவர் கத்தோலிக்கராக மாறினார். அடுத்த ஆண்டில் வியன்னா பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற வைத்தியர்கள் வழமையாகச் செய்வதுபோல நோயாளிகளைப் பார்க்க அவர் போகவில்லை. இரசாயனம் படிக்கப் போனார். சூரிச், வூட்ஸ்பேர்க், மியூனிச் என்று சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, எமில் ஃபிஷர் போன்ற பெரும் இரசாயனவியலாளர்களிடம் வேலை பழகினார். நோய்க்கும் உடலின் எதிர்ப்புக்கும் அடியில் இரசாயனம்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை அவருக்கு அப்போதே இருந்தது. பின்னாளில் அவர் கண்டுபிடித்தவை எல்லாம் அந்த நம்பிக்கையில் இருந்தே வந்தன.

1897இன் பிற்பகுதியில் வியன்னாவின் நோயியல் உடற்கூற்று நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பத்து ஆண்டுகளில் அவர் செய்த பிரேத பரிசோதனைகள் 3,639. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்று. பகலில் இறந்தவர்களின் உடல், மிச்ச நேரத்தில் உயிருள்ளவர்களின் இரத்தம். அப்படித்தான் அவருடைய முப்பது வயதுகள் கழிந்தன.

அவருக்கு முன்னர் இரத்தம் ஏற்றுவது எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் அவர் செய்தது விளங்கும். 1667இல் பாரிசில் ஜோன் டெனி என்ற வைத்தியர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார். அவரிடம் இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவர் இறந்து வழக்கு நடந்தது, பிறகு அந்த முறையே தடை செய்யப்பட்டது. 1818இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் மனிதரின் இரத்தத்தையே மனிதருக்கு ஏற்றத் தொடங்கினார். பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காப்பாற்றுவதே அவருடைய நோக்கம். சிலர் பிழைத்தார்கள், சிலர் நடுக்கம் வந்து, சிறுநீர் கறுத்து, இறந்தார்கள். ஒருவருக்கு மருந்தாக இருந்த இரத்தம் இன்னொருவருக்கு ஏன் நஞ்சாகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு விலங்கின் இரத்தத்தை வேறு இன விலங்கின் நீர்ப்பாயத்தோடு கலந்தால் செங்குழியங்கள் திரளும் என்பது 1870களில் தெரிந்துவிட்டது. ஆனால் மனிதருக்கு மனிதர் இரத்தம் ஒன்றுதான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரத்தம் திரண்டால் அது நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள்.

1900ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் லாண்ட்ஸ்டெய்னர் முதலில் இந்த விடயத்தைத் தொட்டார். நோயில்லாத மனிதரின் நீர்ப்பாயமும் இன்னொரு நோயில்லாத மனிதரின் செங்குழியங்களைத் திரளச் செய்கிறது என்பதே அந்தக் குறிப்பு. அடுத்த ஆண்டு முழுக் கட்டுரை வந்தது. அதற்காக அவர் செய்த சோதனை மிக எளிமையானது. தன்னிடமும் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஐந்து பேரிடமும் இரத்தம் எடுத்தார். ஒவ்வொருவரின் நீர்ப்பாயத்தையும் செங்குழியங்களையும் பிரித்தார். ஆறு நீர்ப்பாயங்களையும் ஆறு பேரின் குழியங்களோடும் ஒன்றொன்றாகக் கலந்து, எங்கே திரளுகிறது, எங்கே இல்லை என்று கட்டம் போட்டு எழுதினார். யாருடைய இரத்தமும் தன்னுடைய நீர்ப்பாயத்தில் திரளவில்லை. மற்றவர்களுடையதில் சில திரண்டன, சில திரளவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்து மனிதரை மூன்று வகையாகப் பிரித்தார்: ஏ, பி, சி. சி என்று அவர் வைத்ததுதான் இன்றைய ஓ. அவருடைய சொந்த இரத்தமும் அந்த வகைதான். 1902இல் அவருடைய சகபாடிகள் இருவர் நான்காவது வகையான ஏபியைக் கண்டார்கள்.

செங்குழியத்தின் மேற்பரப்பில் சில வெல்ல மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. ஏ வகையினரிடம் ஒருவித வெல்லம், பி வகையினரிடம் இன்னொன்று, ஏபி வகையினரிடம் இரண்டும், ஓ வகையினரிடம் இரண்டும் இல்லை. தன்னிடம் இல்லாத வெல்லத்திற்கு எதிராக எமது நீர்ப்பாயத்தில் பிறபொருளெதிரி இருக்கும். ஆகவே ஏ வகைக்காரருக்கு பி இரத்தம் போனால், அவருடைய பிறபொருளெதிரிகள் வந்த குழியங்களைப் பிடித்து உடைக்கும். பாடசாலைப் புத்தகத்தில் ஒருங்கொட்டல் என்று படிப்பது இதன் தொடக்கத்தைத்தான்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை உலகம் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. 1907இல் நியூயோர்க்கில் ஒரு வைத்தியர் முதன்முதலாக இரத்தத்தைப் பொருத்திப் பார்த்து ஏற்றினார். முதலாம் உலகப் போர்தான் அதைப் பரவச் செய்தது. இரத்தம் உறையாமல் வைத்திருக்க சோடியம் சித்திரேற்று உதவும் என்று 1914, 1915ஆம் ஆண்டுகளில் கண்டார்கள். வகை பார்ப்பதும் உறையாமல் வைப்பதும் சேர்ந்தபோது இரத்த வங்கி என்ற ஒன்று சாத்தியமானது.

எங்கள் போரில் அந்த இரண்டாவது பாதி பல தடவைகள் இல்லாமல் போனது. 1990இல் இருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. குளிர்சாதனப் பெட்டி ஓடாத இடத்தில் இரத்தத்தை நாட்கணக்கில் வைத்திருக்க முடியாது. அதனால் நாங்கள் மனிதர்களைத்தான் வங்கியாக வைத்திருந்தோம். ஒரு கொப்பியில் வகை வாரியாகப் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். காயக்காரர் வந்தால் ஒருவர் சைக்கிளில் போய்க் கூப்பிடுவார். நடு இரவில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அந்த ஓட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, திரளவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் இரத்தம் எடுப்போம். 1901இல் லாண்ட்ஸ்டெய்னரிடம் இருந்ததைவிட அதிகமான வசதி எங்களிடம் இருக்கவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்தது எங்களிடம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

அந்தக் கொப்பியில் சாதி என்று ஒரு நிரல் இல்லை. அவசரத்தில் யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் சண்டை ஓய்ந்திருந்த ஒரு காலத்தில், சத்திரசிகிச்சை முடிந்த ஒரு நோயாளியின் உறவினர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏற்றிய இரத்தம் எந்தப் பகுதி ஆளுடையது என்று மெதுவாக விசாரித்தார். பொருந்திய இரத்தம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த நோயாளியின் சொந்தத் தம்பியின் இரத்தம் அவருக்குப் பொருந்தவில்லை. பொருந்தியது யாரென்றே தெரியாத ஒருவருடையது. எங்கட இரத்தம், எங்கட வழி என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்லிக்கொள்ளும் பேச்சுக்கு அந்த ஓடு ஒருநாளும் சாட்சி சொன்னதில்லை.

லாண்ட்ஸ்டெய்னரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1908இல் அவர் வியன்னாவில் வில்ஹெல்மினா மருத்துவமனையில் நோயியல் பிரிவுக்குப் பொறுப்பானார். அந்த நாட்களில் இளம்பிள்ளை வாதம் பிள்ளைகளை முடமாக்கிக்கொண்டிருந்தது. காரணம் தெரியாது. இறந்த ஒரு பிள்ளையின் முள்ளந்தண்டில் இருந்து எடுத்த திரவத்தை, எர்வின் பொப்பர் என்பவரோடு சேர்ந்து இரண்டு குரங்குகளுக்கு ஏற்றினார். ஒன்று றீசஸ் குரங்கு, மற்றது பபூன். இரண்டுக்கும் நோய் வந்தது. பற்றீரியா எதுவும் காணப்படவில்லை. அப்படித்தான் போலியோ ஒரு வைரசால் வருகிறது என்பது தெளியத் தொடங்கியது. முயலுக்கும் எலிக்கும் வராத நோய் குரங்குக்கு வந்ததும் ஒரு செய்திதான்: உடலளவில் அவை எமக்கு அவ்வளவு கிட்ட நிற்கின்றன. வியன்னாவில் போதிய குரங்குகள் கிடைக்காததால் பாரிசின் பஸ்தூர் நிறுவனத்தில் வேலையைத் தொடர்ந்தார்.

1916இல் ஹெலன் விளாஸ்ரோ என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரே மகன் பிறந்தான். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. 1918இல் ஒஸ்ரியா தோற்றது, பேரரசு சிதறியது. வியன்னாவில் உணவும் இல்லை, விறகும் இல்லை. ஆய்வுக்குப் பணம் இல்லை. உலகத்தையே மாற்றக்கூடிய கண்டுபிடிப்பைச் செய்த மனிதர், ஐம்பத்தொரு வயதில், மனைவியையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு 1919இல் நெதர்லாந்துக்குப் போனார். ஹேக் நகரில் ஒரு சிறிய கத்தோலிக்க மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சிறுநீர் பார்ப்பதும் சாதாரண இரத்தச் சோதனை செய்வதும்தான் வேலை. அந்தச் சிறிய அறையில் இருந்தும் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது, எங்கள் ஊரவர்கள் கோப்பாய் வழியாகக் கைதடிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் பேராசிரியர்களும் பொறியியலாளர்களும் வைத்தியர்களும் இருந்தார்கள். பிறகு அவர்களில் பலர் வெளிநாடுகளில் கடைகளிலும் களஞ்சியங்களிலும் நின்று வேலை செய்தார்கள். லாண்ட்ஸ்டெய்னர் ஹேக்கில் இருந்த அந்த மூன்று ஆண்டுகளை அவர்கள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

நியூயோர்க்கில் உள்ள றொக்பெல்லர் நிறுவனம் அவரை அழைத்தது. 1923இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். 1929இல் அந்த நாட்டின் குடியுரிமை பெற்றார். பகட்டு விரும்பாதவர், கூச்ச சுபாவம் உடையவர். பியானோ நன்றாக வாசிப்பார். நியூயோர்க்கின் இரைச்சல் அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. ஆனால் ஆய்வுகூடம் ஒத்துவந்தது.

அங்கேதான் அவர் தன் பழைய கேள்வியை மனிதருக்கு அப்பால் கொண்டுபோனார். பிலிப் மில்லர் என்ற வைத்தியரோடு சேர்ந்து, வாலில்லாக் குரங்குகளின் இரத்தத்தையும் மற்றக் குரங்குகளின் இரத்தத்தையும் மனித இரத்தத்தோடு ஒப்பிட்டு, 1925இல் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் வெளியிட்டார். சிம்பன்சி, ஒராங்குட்டான் போன்றவற்றின் செங்குழியங்களில் மனிதரிடம் உள்ள அதே ஏ, பி பொருட்கள் இருந்தன. நாங்கள் ஓட்டில் செய்யும் சோதனை அவற்றின் இரத்தத்திலும் வேலை செய்தது. வாலுள்ள ஆசியக் குரங்குகளின் செங்குழியங்களில் அவை அப்படித் தென்படவில்லை. அதே நேரம், மனித இரத்தத்தையும் சிம்பன்சி இரத்தத்தையும் வேறுபடுத்திக் காட்டும் நீர்ப்பாயத்தையும் அவர்களால் தயாரிக்க முடிந்தது. ஆகவே மிக நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. எலும்பையும் மண்டையோட்டையும் பார்த்துச் சொல்லிவந்த உறவை அவர் இரத்தத் துளியில் காட்டினார்.

பின்வந்தவர்கள் இதை மேலும் தெளிவாக்கினார்கள். சிம்பன்சிகளில் பெரும்பாலானவை ஏ, சில ஓ, பி இல்லை. கொரில்லாக்களில் பி. ஒராங்குட்டானிலும் கிப்பனிலும் ஏ, பி, ஏபி மூன்றும் உண்டு. ஆசியக் குரங்குகளிலும் ஏ, பி பொருட்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றைச் செங்குழியத்தில் அல்லாமல் உமிழ்நீரில்தான் தேட வேண்டும். ஏ, பி வேறுபாடு குறைந்தது 2 கோடி ஆண்டுகளாக மனிதருக்கும் கிப்பனுக்கும் பொதுவான மூதாதையில் இருந்து தொடர்ந்து வருகிறது என்று 2012இல் ஒரு மரபணு ஆய்வு காட்டியது. அதாவது, இரத்த வகையைத் தீர்மானிக்கும் அந்தச் சின்ன மரபணு இடத்தை மட்டும் எடுத்தால், ஏ வகை மனிதர் ஒருவர் பி வகையான தன் கூடப்பிறந்தவரைவிட ஏ வகைக் கிப்பனுக்குக் கிட்ட நிற்கிறார். இதற்காகக் குரங்கின் இரத்தத்தை எமக்கு ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. வேறு நூற்றுக்கணக்கான பொருட்கள் பொருந்தாமல் நிற்கும். ஆனால் 2 கோடி ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு பொருளுக்கு முன்னால், ஊருக்குள் நாங்கள் வைத்திருக்கும் எல்லைகள் எவ்வளவு வயதானவை என்று யோசிக்கலாம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதை நேரில் கண்டவர்கள் இன்னும் எம்மத்தியில் இருக்கிறார்கள்.

1927இல் பிலிப் லெவின் என்பவரோடு சேர்ந்து எம், என், பி என்ற வேறு இரத்தக் காரணிகளையும் லாண்ட்ஸ்டெய்னர் கண்டார். இந்த பி பழைய பி அல்ல, ஆங்கில எழுத்து வேறு. மனித இரத்தத்தை முயலுக்கு ஏற்றி, முயலின் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைக் கொண்டு சோதிப்பதே வழி. 1930இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1901இல் செய்த வேலைக்கு 29 ஆண்டுகள் கழித்து வந்த பரிசு.

இதற்குள் இரத்த வகையை வைத்து மனிதரைப் பிரிக்க விரும்பியவர்களும் புறப்பட்டிருந்தார்கள். முதலாம் உலகப் போரின்போது சலோனிக்காவில், ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதியர் பல நாட்டுப் படையினரின் இரத்தத்தைப் பார்த்தார்கள். பிரித்தானியப் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் ஏயைவிட பி அதிகம் என்று கண்டார்கள். எம்மிடமும் அப்படித்தான். ஆனால் எந்த மக்களிடமும் நான்கு வகையும் இருந்தன, கூடக்குறைய மட்டுமே வித்தியாசம். ஒரு துளி இரத்தத்தைப் பார்த்து அது எந்த இனம் என்று சொல்ல வழி இல்லை. அப்படியிருந்தும் 1942இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பின மக்களின் இரத்தத்தை வேறாகப் பிரித்து வைத்தது. 1950 வரை அந்த வழக்கம் இருந்தது. லாண்ட்ஸ்டெய்னர் வாழ்ந்த அதே நாட்டில், அவருடைய கண்டுபிடிப்பின் மேலேயே அது நடந்தது.

அவருடைய வாழ்க்கையிலும் அடையாளம் ஒரு முள்ளாக இருந்தது. 1937இல் அமெரிக்க யூதப் பிரமுகர்களைப் பற்றிய ஒரு நூலில் தன் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு தோற்றது. அது ஐரோப்பாவில் இட்லரின் ஆட்சி நடந்த காலம். அவரைக் குறை சொன்னவர்கள் பலர். பிறந்த குலத்தை மறைத்தார் என்பது அவர்களின் கோபம். எனக்கு அவரைத் தீர்ப்புச் சொல்ல மனம் வருவதில்லை. சோதனைச் சாவடியில் பெயரைக் கேட்டபோது, ஊரைக் கேட்டபோது, நெஞ்சு பதறிய அனுபவம் எமக்கு உண்டு. ஒரு பட்டியலில் பெயர் இருப்பது என்ன செய்யும் என்று 1983 யூலையில் கொழும்பில் எம்மவர் கண்டார்கள்.

அவருடைய கடைசிப் பெரிய கண்டுபிடிப்புக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நான் மூத்த பிள்ளை. எனக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி பிறந்த அடுத்த நாளே மஞ்சளாகி, மூன்றாம் நாள் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அறுபதுகளில் நீர்வேலியில் இதற்குப் பல விளக்கங்கள் இருந்தன. செய்வினை என்றார்கள், நாகதோஷம் என்றார்கள், அம்மாவின் கால் பலன் என்றும் சிலர் சொன்னார்கள். அம்மா வைக்காத நேர்த்தி இல்லை. நல்ல காரியங்களுக்கு முன்னால் நிற்காமல் பின்னுக்கு ஒதுங்கிப் பழகிவிட்டா. நான் தொழிலுக்கு வந்த பிறகு, ஒரு சத்திரசிகிச்சைக்காக அம்மாவின் இரத்தத்தை நானே ஓட்டில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது துளி திரளவில்லை. ஓ நெகற்றிவ். ஐயாவின் இரத்தம் பொசிற்றிவ். இருபது வருடங்களுக்கு மேலாக அம்மா சுமந்த பழிக்கு அந்தத் திரளாத துளியில் விடை இருந்தது. அன்று பின்னேரம் அம்மாவிடம் அதை விளக்கிச் சொன்னேன். அவ நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்த மூன்றாவது துளியின் கதை இதுதான். 1937இல் லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் றீசஸ் குரங்கின் செங்குழியங்களை முயல்களுக்கு ஏற்றி, முயலின் நீர்ப்பாயத்தை எடுத்து மனித இரத்தத்தோடு கலந்து பார்த்தார்கள். நியூயோர்க்கின் வெள்ளையர்களில் 100இல் சுமார் 85 பேரின் இரத்தம் திரண்டது. மிச்சப் பேருடையது திரளவில்லை. 1940இல் இதை வெளியிட்டார்கள். குரங்கின் பெயரையே வைத்து றீசஸ் காரணி என்றார்கள். அதற்கு ஓராண்டு முன்னர், லெவினும் இன்னொரு வைத்தியரும் ஒரு தாயைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவருக்கு இறந்த பிள்ளை பிறந்தது. பிறகு கணவரின் இரத்தத்தை ஏற்றியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. நெகற்றிவ் தாயின் வயிற்றில் பொசிற்றிவ் பிள்ளை இருந்தால், பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் சிறிது தாய்க்குள் போகும். தாயின் உடல் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாக்கும். முதல் பிள்ளை தப்பிவிடும். அடுத்த பொசிற்றிவ் பிள்ளையின் செங்குழியங்களை அந்தப் பிறபொருளெதிரி வயிற்றிலேயே உடைக்கத் தொடங்கும்.

பின்னர் ஒரு திருத்தமும் வந்தது. முயல் நீர்ப்பாயம் பிடித்தது மனிதரின் றீசஸ் பொருளை அல்ல, அதோடு நெருங்கிய தொடர்புடைய வேறொரு பொருளை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தப் பொருளுக்கு லாண்ட்ஸ்டெய்னர், வீனர் இருவரின் முதலெழுத்துகளையும் வைத்தார்கள். றீசஸ் என்ற குரங்கின் பெயர் மட்டும் எங்கள் இரத்தத்தில் அப்படியே நிலைத்துவிட்டது. அந்தக் குரங்கு இலங்கையில் இல்லை, வட இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் வாழ்வது. வன்னிக் காட்டில் இடம்பெயர்ந்து இருந்தபோது எங்கள் சோற்றுப் பானையைத் தட்டிப் பறித்த செங்குரங்கு அதன் கிட்டிய சொந்தம்.

1943 யூன் 24ஆம் திகதி, 75 வயதில், ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. கையில் குழாயியைப் பிடித்தபடியே விழுந்தார். இரண்டு நாட்களில் இறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் ஓய்வு பெற்றிருந்தாலும் வேலையை நிறுத்தவில்லை. மனைவி ஹெலன் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார், அதே ஆண்டு முடிவதற்குள் அவரும் போய்விட்டார். பஞ்சத்தில் அவரைக் காக்க முடியாத ஒஸ்ரியா, 1997இல் தனது ஆயிரம் சிலிங் தாளில் அவருடைய முகத்தை அச்சிட்டது.

எங்கள் அம்மாவுக்கு இல்லாத மருந்து இன்று இருக்கிறது. 1968இல் அமெரிக்காவில் பாவனைக்கு வந்த அன்ரி டி என்ற ஊசி, தாயின் உடல் பிறபொருளெதிரி உண்டாக்குவதைத் தடுக்கிறது. கர்ப்பத்தின் 28ஆம் வாரமளவிலும், பொசிற்றிவ் பிள்ளை பிறந்தால் 72 மணித்தியாலங்களுக்குள்ளும் அதைப் போட வேண்டும். கருச்சிதைவு நடந்தாலும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். இலங்கையில் 100 பேரில் சுமார் 5 பேர் நெகற்றிவ். அப்படியானால் எங்கள் பகுதியில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒருவராவது இருப்பார். போரில் பெற்றோரை இழந்து உறவினர் வீடுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள் இப்போது தாய்மாராகும் வயதில் இருக்கிறார்கள். தங்கள் தாய்க்கு என்ன வகை, முன்னர் பிள்ளைகள் இறந்தார்களா என்று சொல்ல அவர்களுக்கு வீட்டில் யாரும் இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கு இரத்த வகை பார்ப்பது இன்னும் அவசியம். கிளினிக்கில் தரும் அட்டையில் வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நெகற்றிவ் என்றால் ஊசியைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள்.

இரத்தம் கொடுக்க விரும்புபவர்கள் 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்களாக, ஆரோக்கியமானவர்களாக இருந்தால் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். நெகற்றிவ் வகைக்காரர் தங்கள் பெயரை அருகில் உள்ள இரத்த வங்கியில் பதிந்து வைத்தால், ஒரு தாய்க்கோ விபத்துக் காயக்காரருக்கோ அது நேரத்தை மிச்சப்படுத்தும். பதியும்போது உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இரத்த வகையையும் கேட்பார்கள். யாருக்குப் போகிறது என்று நீங்களும் கேட்கத் தேவையில்லை.